கபடி ரெய்டருக்குக் கவட்டை வலி: மெஷ் வைத்த லேப்ராஸ்கோப்பியா, தையல் மட்டுமா?

நடுக்கோடு எழுதியது:

வணக்கம். கிளப் கபடி அணி ஒன்றுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். எங்கள் ரெய்டர் ஒருவர், வயது 22, எடை 74 கிலோ. ஐந்து மாதமாக வலது கவட்டையில் வலி. வார்ம்-அப் முடியும்வரை ஒன்றும் தெரிவதில்லை. நான்காவது ஐந்தாவது ரெய்டில், டோ டச்சுக்கு (எதிரணி ஆளைக் கால் நுனியால் தொட) காலை நீட்டிவிட்டு உடம்பைத் திருப்பும்போது சுருக்கென்று பிடிக்கிறது. மறுநாள் காலை படுக்கையிலிருந்து எழுந்தாலும் இருமினாலும் தும்மினாலும் வலி. மூன்று வாரம் ஓய்வு கொடுத்தால் போய்விடுகிறது. மேட்டில் (கபடி ஆடும் விரிப்பில்) இறங்கிய இரண்டாம் நாளே திரும்பி வந்துவிடுகிறது.

கட்டி, வீக்கம் எதுவும் இல்லை. அல்ட்ராசவுண்டில் "முக்கும்போது வலது கவட்டைக் கால்வாயின் பின்சுவர் புடைக்கிறது, குடலிறக்கப் பை இல்லை" என்று எழுதியிருக்கிறார்கள். எம்ஆர்ஐயில் வலது பியூபிக் எலும்பில் (அடிவயிற்றுக்குக் கீழே முன்பக்க இடுப்பெலும்பு) நீர்க்கோப்பு, அடக்டர் லாங்கஸ் என்ற உள்தொடைத் தசையின் நார் தொடங்குமிடத்தில் சிறு கிழிசல். ஒரு சர்ஜன் லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளை வழி ஆபரேஷன்) மெஷ், அதாவது தாங்கும் வலை, வைத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர், இந்த வயதில் ஆடுகிற பையனுக்கு மெஷ் வேண்டாம், தையல் போட்டுச் சரிசெய்யலாம் என்கிறார். மாநிலத் தேர்வுக்கு மூன்றரை மாதம் இருக்கிறது. எதைத் தேர்வு செய்வது? உள்தொடைத் தசையையும் சேர்த்து அறுக்க வேண்டியிருக்குமா? எத்தனை வாரத்தில் ஆட முடியும்?

வயிற்றுச்சுவர் எழுதியது:

மெஷ்ஷா தையலா என்பதைக் கடைசியில் பார்க்கலாம். வலி எந்தக் கட்டமைப்பிலிருந்து வருகிறது என்பதை முதலில் பிரித்தாக வேண்டும். நீங்கள் சொன்ன தகவலில் அது இன்னும் பிரியவில்லை.

குடலோ கொழுப்போ பிதுங்கி வரும் உண்மையான ஹெர்னியா இந்தப் பையனுக்கு இல்லை. அது இருந்தால் பேச்சே வேறு. வீரர் என்பதற்காகச் சிகிச்சை மாறாது, பையை உள்ளே தள்ளி மெஷ் வைப்பதுதான் வழக்கம். இங்கே இருப்பதை ஊரில் "ஸ்போர்ட்ஸ் ஹெர்னியா" என்கிறோம், ஆனால் அதில் ஹெர்னியா கிடையாது. லண்டன் சர்ஜன் ஜெர்ரி கில்மோர் 1980இல் இதை விவரித்தார்: வயிற்றின் வெளிச்சாய்வுத் தசையின் சவ்வு கிழிந்து, கவட்டைக் கால்வாயின் வெளி வளையம் (வெளிவாய்) விரிந்து, கன்ஜாயின்ட் டெண்டன் (வயிற்றுத் தசைகளின் கூட்டு நார்) இங்குவைனல் லிகமென்டிலிருந்து (கவட்டை மடிப்பில் ஓடும் நார்) விலகியிருக்கும். பிரிட்டிஷ் ஹெர்னியா சங்கம் 2012இல் மான்செஸ்டரில் கூடிப் பேசி, 2014இல் வெளியிட்ட அறிக்கையில் இதற்கு "இங்குவைனல் டிஸ்ரப்ஷன்" என்ற பெயரைப் பரிந்துரைத்தது. அதில் ஐந்து அடையாளங்கள் சொல்லப்பட்டன, அவற்றில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். பியூபிக் எலும்பின் மேலுள்ள முடிச்சில் கன்ஜாயின்ட் டெண்டன் ஒட்டுமிடத்தில் விரல் நுனியளவு இடத்தில் வலி. கால்வாயின் உள் வளையத்தின் (உள்வாய்) மேல் அழுத்தினால் வலி. ஹெர்னியா இல்லாமலே வெளி வளையம் விரிந்தோ வலித்தோ இருப்பது. அடக்டர் லாங்கஸ் தொடங்குமிடத்தில் வலி. விரைக்குப் பின்புறமோ உள்தொடைக்கோ மறுபக்கத்துக்கோ பரவும் மந்தமான வலி. பரிசோதிக்கும்போது விதைப்பையின் தோலை உள்மடித்து, சுண்டுவிரலை வெளி வளையத்துக்குள் விட்டு, பையனை இருமச் சொல்லிப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் ஸ்கேன் தாளை மட்டும் வைத்து ஆபரேஷன் தேதி கொடுத்தால், இன்னொருவரிடம் காட்டுங்கள்.

ஏன் இப்படி ஆகிறது என்றால், வயிற்றுத் தசைகள் பியூபிக் எலும்பை மேலே இழுக்கின்றன, அடக்டர் தசைகள் கீழே இழுக்கின்றன. கயிறு இழுக்கும் போட்டியில் நடுவில் கட்டிய துணி போல அந்த எலும்பு மாட்டிக்கொள்கிறது. அடக்டர் பலமாகவும் பின்சுவர் மெல்லியதாகவும் இருந்தால், ஒவ்வொரு திடீர்த் திருப்பத்திலும் பின்சுவர் நீள்கிறது, அதன் மேல் ஓடும் ஜெனிட்டோஃபெமோரல் நரம்பின் கிளை நசுங்குகிறது. இருமினால் சுருக்கென்று வருவது இதனால்தான். கால் விரித்து நீட்டும்போது எதிரணி கணுக்காலைப் பிடித்து இழுக்கும் ஆட்டத்தில் இந்தச் சுமை எவ்வளவு ஏறும் என்று உங்களுக்கே தெரியும். ஆய்வுகள் பெரும்பாலும் கால்பந்து, ஐஸ் ஹாக்கி வீரர்களிடம் நடந்தவை. கபடிக்கு அவற்றிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறோம்.

உங்கள் பையனிடம் பின்சுவர், அடக்டர் இரண்டுமே சம்பந்தப்பட்டிருக்கலாம். 2014இல் தோஹாவில் கூடிய நிபுணர்கள் கவட்டை வலியை அடக்டர், இலியோசோவாஸ் (இடுப்பை மடக்கும் தசை), இங்குவைனல் (கவட்டைக் கால்வாய்), பியூபிக் என நான்காகவும், இடுப்பு மூட்டுசார் வலியைத் தனியாகவும் பிரித்தார்கள். ஒரே ஆளிடம் இரண்டு மூன்று சேர்ந்திருப்பது சாதாரணம். ஒன்றுக்கு மட்டும் ஆபரேஷன் செய்து மற்றதை விட்டுவிடுவதுதான் "ஆபரேஷன் செய்தும் வலி போகலை" என்று வருபவர்களிடம் அதிகம் பார்க்கும் காரணம்.

மூன்று தகவல் வேண்டும். ஒன்று, முழங்கால்களுக்கு நடுவில் முஷ்டி வைத்து அழுத்தச் சொன்னால் எங்கே, எவ்வளவு வலி? இரண்டு, இடுப்பு மூட்டை 90 பாகை மடக்கி உள்பக்கம் திருப்பினால் இரண்டு பக்கமும் எவ்வளவு திரும்புகிறது? மூன்று, இதுவரை என்ன பிசியோ நடந்தது?

நிழற்படலம் எழுதியது:

ஸ்கேன் பற்றி மட்டும் சொல்கிறேன். முக்கும்போது பின்சுவர் புடைப்பது வலியே இல்லாத வீரர்களிடமும் தெரியும். பியூபிக் எலும்பில் நீர்க்கோப்பும் அப்படித்தான். தீவிரமாகப் பயிற்சி செய்யும் இளம் கால்பந்து வீரர்கள் பலரிடம் வலியின்றியே இருக்கும். ஆகவே இரண்டும் பரிசோதனையில் வலிக்கும் இடத்தோடு பொருந்தினால்தான் மதிப்பு.

எம்ஆர்ஐ எந்த முறையில் எடுத்தார்கள் என்று பாருங்கள். சாதாரண இடுப்பு எம்ஆர்ஐ பெரிய பரப்பைக் காட்டும், வயிற்றுத் தசையும் அடக்டரும் பியூபிக் எலும்பின் முன்னால் சேரும் அந்தத் தகட்டைத் தெளிவாகக் காட்டாது. பியூபிக் மூட்டை நடுவாக வைத்து, சின்னப் பரப்பில், மெல்லிய வெட்டுகளில், சாய்வு அச்சிலும் எடுக்கச் சொல்ல வேண்டும். மூட்டின் கீழ்ப்பக்கம் ஒரு பக்கமாக நீர்க்கோடு இறங்கினால் அடக்டர் தொடக்கம் கிழிந்திருக்கிறது என்று பொருள். அதே படத்தில் தொடையெலும்பின் கழுத்தையும் பார்த்துவிடுங்கள். ஒற்றைக் காலில் குதித்தால் வலிக்கிற, இரவில் வலிக்கிற ஆளுக்கு அங்கே ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் இருந்தால் அதைத் தவறவிடுவது ஆபத்து.

நடுக்கோடு எழுதியது:

மிக்க நன்றி டாக்டர். பிசியோவிடம் கேட்டு அளந்தோம். முஷ்டி வைத்து ஐந்து வினாடி அழுத்தச் சொன்னால் பத்துக்கு 5 வலி, உள்தொடையில் எலும்பை ஒட்டி. பியூபிக் முடிச்சில் விரல் வைத்தாலும் வலி. படுத்தபடி தலையைத் தூக்கி எழுந்தால் கவட்டைக்கு மேலே வலி. இடுப்பு உள்திருப்பம் வலது 25 பாகை, இடது 35. இதுவரை நடந்த சிகிச்சை ஐஎஃப்டி (ஒரு மின்சிகிச்சை), அல்ட்ராசவுண்ட் ஒத்தடம், உள்தொடை ஸ்ட்ரெட்ச்சிங். வாரம் மூன்று நாள், ஆறு வாரம்.

தொடைபலம் எழுதியது:

விளையாட்டு பிசியோவாகச் சொல்கிறேன்: அந்த ஆறு வாரத்தைச் சிகிச்சைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஹோல்மிஷ் குழு 1999இல் லான்செட்டில் வெளியிட்ட ஆய்வில் அடக்டர் வலி உள்ள 68 வீரர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு லேசர், மசாஜ், ஸ்ட்ரெட்ச்சிங், டென்ஸ் (தோல் வழி மின்தூண்டல்). மற்றதற்குப் பலப்படுத்தும் பயிற்சி. வலியின்றிப் பழைய அளவில் ஆடத் திரும்பியவர்கள் பயிற்சிப் பிரிவில் 23 பேர், மின்சிகிச்சைப் பிரிவில் 4 பேர். உங்கள் பையன் பெற்றது மின்சிகிச்சை வகை. கிழிந்த அடக்டர் தொடக்கத்தை மறுபடி மறுபடி இழுத்து நீட்டியது வலியை வளர்த்திருக்கவும் கூடும். ஸ்ட்ரெட்ச்சிங்கை இன்றே நிறுத்துங்கள்.

முதல் இரண்டு வாரம்: மல்லாந்து படுத்து, பாதங்களுக்கு நடுவில் கால்பந்து வைத்து 30 வினாடி அழுத்துவது, 10 தடவை. பிறகு முழங்கால்களுக்கு நடுவில் அதே போல். கூடவே நேராகவும் சாய்வாகவும் எழும் வயிற்றுப் பயிற்சி, ஐந்து செட், ஒவ்வொன்றும் 10. வலி பத்துக்கு 2 வரை பரவாயில்லை. அதைத் தாண்டினால் அழுத்தத்தைக் குறையுங்கள். மூன்றாம் வாரத்திலிருந்து பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்குவது, வழுக்குப் பலகை, ஒற்றைக் கால் சமநிலை. வலி 2க்குள் நின்றதும் கோபன்ஹேகன் பயிற்சி (பக்கவாட்டில் முழங்கையூன்றி, மேல்காலைத் தாங்கவைத்து உடம்பைத் தூக்குவது): முதலில் முழங்காலைப் பெஞ்சில் வைத்து, பழகியபின் கணுக்காலை வைத்து. 3 முதல் 5 தடவையில் தொடங்கி 12, 15 வரை ஏற்றலாம். முதல் வாரம் உள்தொடை உளையும், அதைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். சைக்கிள் முதலிலிருந்தே ஓட்டலாம். நேர் ஓட்டம் ஆறு வாரத்துக்குப் பின். இந்தக் காலத்தில் மேட் கிடையாது. சும்மா ஒரு ரெய்டு போய் வருகிறேன் என்று இறங்கினால் நான்கு வார உழைப்பு போய்விடும்.

வாரம் ஒருமுறை அந்த ஐந்து வினாடி அழுத்தத்தை எழுதி வையுங்கள். 0 முதல் 2 பச்சை, 3 முதல் 5 மஞ்சள், 6ம் அதற்கு மேலும் சிவப்பு. இப்போது மஞ்சளில் இருக்கிறார். கையடக்க டைனமோமீட்டர் (தசை பலம் அளக்கும் கருவி) கிடைத்தால் உள்தொடை பலத்தை வெளித்தொடை பலத்தால் வகுத்துப் பாருங்கள். 0.8க்குக் கீழ் இருக்கும்வரை மேட்டில் இறக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

அணியில் மற்றவர்களுக்கும் சீசனுக்கு முன் கோபன்ஹேகன் பயிற்சி கொடுங்கள். 2019இல் வெளிவந்த நார்வே ஆய்வில், கால்பந்து அணிகளில் இந்த ஒரே பயிற்சியால் கவட்டைப் பிரச்சினைகளின் வாய்ப்பு 41 சதவீதம் குறைந்தது. இதற்கு ஒரு பெஞ்சும் கூட ஒரு ஆளும் போதும்.

நடுக்கோடு எழுதியது:

புரிகிறது அண்ணா. ஆனால் எட்டு வாரம் செய்தும் சரியாகாவிட்டால் தேர்வு போய்விடுமே என்று பையன் பயப்படுகிறான். இப்போதே ஆபரேஷன் செய்துகொண்டால் நேரம் மிச்சமாகாதா?

வயிற்றுச்சுவர் எழுதியது:

பையனின் பயம் நியாயமானது, அதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். பின்சுவர்தான் காரணம் என்று உறுதியானவர்களுக்கு ஆபரேஷன் நன்றாக வேலை செய்கிறது. பின்லாந்தில் பாயானென் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வில் 60 வீரர்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். லேப்ராஸ்கோப்பியில் மெஷ் வைத்த 30 பேரில் 27 பேர் மூன்று மாதத்தில் விளையாட்டுக்குத் திரும்பினார்கள். ஆபரேஷன் இல்லாத 30 பேரில் 8 பேர்தான். இதைப் படித்துவிட்டு எல்லாக் கவட்டை வலிக்கும் மெஷ் என்று முடிவு செய்யக் கூடாது. அதில் எடுக்கப்பட்டவர்கள் மாதக்கணக்கில் வலியோடு இருந்து, பரிசோதனை செய்து வடிகட்டப்பட்டவர்கள்.

உங்கள் பையனுக்கு அழுத்தும்போது வலி அடக்டரில், எழும்போது வலி வயிற்றுச் சுவரில். எது முதன்மை என்று தெரிந்துகொள்ள ஒரு நல்ல வழி, மரப்பூசி போட்டுப் பார்ப்பது. அல்ட்ராசவுண்ட் பார்த்து, கவட்டைக்குப் போகும் இலியோஇங்குவைனல் நரம்பைச் சுற்றி 3 முதல் 5 மில்லி மரப்பு மருந்து. அதற்கு மேல் போட்டால் மருந்து தொடை நரம்புக்கு வழிந்து முழங்கால் துவண்டுவிடும், ஓடச் சொன்னால் விழுவார். ஆகவே முழங்காலை நீட்டும் பலத்தைச் சோதித்துவிட்டுத்தான் ஓடவிட வேண்டும். ஓட்டம், திருப்பம், தலைதூக்கல் மூன்றிலும் வலி பெரும்பகுதி போய்விட்டால் பின்சுவர் பக்கம் சாயலாம். போகவில்லை என்றால் இன்னொரு நாள் அடக்டர் தொடக்கத்தில் போட்டுப் பாருங்கள். வலது இடுப்பு 10 பாகை குறைவாகத் திரும்புவதால் ஒரு எக்ஸ்ரே கட்டாயம். தொடையெலும்புத் தலையில் புடைப்பு இருந்தால் மூட்டு திரும்பாத குறையைப் பியூபிக் எலும்புதான் சுமக்கும். அதைப் பார்க்காமல் கவட்டையில் கை வைக்கக் கூடாது.

என் முடிவு: இன்று பயிற்சி தொடங்குங்கள், மரப்பூசியும் எக்ஸ்ரேயும் இரண்டு வாரத்துக்குள் முடியட்டும், ஆறாம் வாரம் முடிவெடுங்கள். ஆபரேஷன் வந்தாலும் இந்தப் பயிற்சி வீணாகாது, பலமான அடக்டரோடு டேபிளுக்கு வருபவர் சீக்கிரம் எழுகிறார். ஆறாம் வாரம் ஆபரேஷன் என்றானால் தேர்வுக்குச் சுமார் எட்டு, ஒன்பது வாரம் இருக்கும். இறுக்கமான கணக்கு, ஆனால் நடக்காததல்ல.

இனி முறைகள். லேப்ராஸ்கோப்பியில் டிஇபி என்ற முறையில் வயிற்றறைக்குள் போகாமல், தசைக்கும் உள்சவ்வுக்கும் நடுவில் இடம் உண்டாக்குகிறோம். தொப்புளுக்குக் கீழே 10 மில்லிமீட்டர் துளை ஒன்று, நடுக்கோட்டில் 5 மில்லிமீட்டர் துளை இரண்டு. 10 × 15 சென்டிமீட்டர் எடை குறைந்த பாலிப்ரொப்பிலீன் மெஷ், நடுவில் பியூபிக் மூட்டைத் தாண்டி, கீழே கூப்பர் லிகமென்டுக்கும் (பியூபிக் எலும்பின் மேலோர நார்) கீழே இறங்க வேண்டும். இடத்தைப் போதுமான அளவு பிரிக்காமல் மெஷ்ஷை வைத்தால், காற்றை இறக்கும்போது கீழ் ஓரம் மடங்கி உருளும். அந்த மடிப்பு பின்னால் உறுத்தும். மெஷ்ஷைப் பதிக்க டாக்கர் (சிறு ஆணி அடிக்கும் கருவி) தேவைப்படாது. பசை போதும், சிலர் எதுவும் போடுவதில்லை. உள் வளையத்துக்குக் கீழேயும் வெளியேயும் பெரிய ரத்தக்குழாய்களும் தொடை நரம்புகளும் ஓடுகின்றன, அங்கே டாக்கர் அடிப்பது மன்னிக்க முடியாதது. இந்த முறையில் பின்சுவர் முழுக்கப் பலப்படும், தேவைப்பட்டால் இரண்டு பக்கமும் ஒரே தடவையில் முடியும். குறை என்னவென்றால் முழு மயக்கம் வேண்டும், முன்பக்கம் கிழிந்த வெளிச்சவ்வை இதில் தைக்க முடியாது.

திறந்து தைப்பதில், மியூனிக் சர்ஜன் உல்ரிக்கே முஷாவெக்கின் குறைந்தபட்சத் தையல் முறை வீரர்களிடம் பெயர் பெற்றது. பின்சுவரில் தளர்ந்த பகுதியை மட்டும் திறந்து, நல்ல பகுதியைத் தொடாமல், மெஷ் இல்லாமல் மடித்துத் தைப்பார்கள். நசுங்கிக் கெட்ட நரம்புக்கிளை இருந்தால் அதை எடுத்துவிடுவார்கள். அந்த இடத்துக்கு மட்டும் மரப்பும் லேசான மயக்கமும் போதும். வயிற்றுச் சுவரின் நெகிழ்வு மாறாது என்பதுதான் இதன் பலம். ஆனால் கை பழகியிருக்க வேண்டும். தையலை இழுத்து இறுக்கினால் அந்த இறுக்கமே புது வலி. திறந்த முறையில் மெஷ் வைத்தாலும் தையல் மட்டும் போட்டாலும் ஒரு விதி மாறாது: பியூபிக் முடிச்சின் எலும்புறையில் ஊசி ஏறக் கூடாது. அங்கே ஏறிய ஒரு தையல் மாதக்கணக்கில் எலும்பு வலி தரும்.

அடக்டரை அறுப்பது பற்றி: முதல் ஆபரேஷனிலேயே சேர்த்துச் செய்ய வேண்டியதில்லை. பயிற்சி முழுதாகச் செய்தும் அடக்டர் வலி குறையாமல், மரப்பூசியும் அங்கேயே காட்டினால் மட்டும் அடக்டர் லாங்கஸைப் பகுதியாகத் தளர்த்தலாம். அப்படிச் செய்தால் திரும்ப எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும், தேர்வு போய்விடும். இரண்டு சர்ஜன்களிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "பை இல்லாத விளையாட்டு வீரர்களுக்கு வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள், ஆட்டத்துக்குத் திரும்பியவர்களைக் கணக்கு வைத்திருக்கிறீர்களா?" நன்றாகப் பழகிய கையில் இரண்டு முறையுமே நல்லவை.

தொடைபலம் எழுதியது:

ஆபரேஷனுக்குப் பிந்தைய கால அட்டவணை, அடக்டரைத் தொடவில்லை என்ற கணக்கில்: அன்றே நடக்கலாம். முதல் வாரம் நடை, மூச்சோடு அடிவயிற்றை இறுக்கும் பயிற்சி. இருமும்போது கையால் காயத்தைத் தாங்கச் சொல்லுங்கள். மலச்சிக்கல் வராமல் தண்ணீர், நார்ச்சத்து, தேவைப்பட்டால் மருந்து. இரண்டாம் வாரம் சைக்கிள், பந்து அழுத்தம். காயம் ஆறியபின் நீர்நடை. மூன்றாம் வாரம் நேர் ஓட்டம். நான்காம் வாரம் வேகம் கூட்டி, பக்கவாட்டுத் திருப்பம். அதன்பின் தனியாக டோ டச், பிறகு ஒருவர் கணுக்காலை லேசாகப் பிடிக்க, பிறகு முழுப் பிடி. கபடிக்கு அந்தக் கடைசிப் படி மிக முக்கியம். ஓட்டத்தில் தேறியவர் பிடியில் மறுபடி கிழித்துக்கொள்வதுண்டு. நாளைக் கணக்கிட்டு அடுத்த படிக்கு ஏற்றாதீர்கள். அழுத்தச் சோதனை 2க்குள், மறுநாள் காலை வலி ஏறாமல் இருந்தால் மட்டும் ஏற்றுங்கள்.

ஆபரேஷன் முடிந்த சில நாளில் விதைப்பை நீலம் பாய்வது, கவட்டையில் மெத்தென்ற நீர்வீக்கம் வருவது சகஜம், தானே வடியும். சிவந்து, சூடாகி, காய்ச்சல் வந்தாலும், சிறுநீர் பிரியாவிட்டாலும், விரை கடுமையாக வலித்தாலும் உடனே ஆஸ்பத்திரி. மூன்று மாதத்துக்குப் பிறகும் எரிச்சலும் மின்சாரம் பாய்வது போன்ற வலியும் விரை, உள்தொடைப் பக்கம் இருந்தால் நரம்பு மாட்டியிருக்கலாம். பொறுத்துக்கொள் என்று சொல்லி அனுப்பாமல் சர்ஜனிடம் காட்டுங்கள்.

அணிமேலாளர் எழுதியது:

மேலே யாரும் தொடாத ஒன்று. பையன் நாடா (தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு) சோதனைக்கு உட்படும் போட்டிகளில் ஆடுகிறாரா? அப்படியானால் வலிக்குக் கொடுக்கும் மருந்தைக் கவனியுங்கள். ஆபரேஷனுக்குப் பின் நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் எளிதாக எழுதிக் கொடுக்கும் ட்ராமடால், 2024 ஜனவரி 1 முதல் போட்டிக் காலத்தில் தடை. ஸ்டீராய்டு ஊசி எந்த இடத்தில் போட்டாலும் 2022 முதல் போட்டிக் காலத்தில் தடை. அடக்டரில் ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு போட யோசிக்கும் டாக்டரிடம் போட்டித் தேதியை முதலிலேயே சொல்லுங்கள், மருந்து உடம்பிலிருந்து வெளியேற நாள் பிடிக்கும். வெறும் மரப்பு மருந்துக்குத் தடை இல்லை. பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக் பிரச்சினை இல்லை.

டிஸ்சார்ஜ் சம்மரி, மயக்க மருந்துக் குறிப்பு, மருந்துச் சீட்டு மூன்றையும் நகலெடுத்து அணிக் கோப்பில் வையுங்கள். மெஷ் வைத்தால் அதன் பெட்டியில் இருக்கும் ஸ்டிக்கரையும் கேட்டு வாங்கி ஒட்டிவிடுங்கள். பின்னால் வேறு டாக்டர் திறக்க நேர்ந்தால் எந்த மெஷ், என்ன அளவு என்று அதில்தான் தெரியும்.

நடுக்கோடு எழுதியது:

எக்ஸ்ரேக்கும் மரப்பூசிக்கும் தேதி வாங்கிவிட்டோம். ஸ்ட்ரெட்ச்சிங் நிறுத்தியாச்சு, இன்று மாலை பந்து அழுத்தம் ஆரம்பம். ஆறாம் வார அளவுகளை இதே இழையில் போடுகிறேன்.